மண்ணும் மொழியும்: ஐரிஷ் எழுத்தாளர் மார்ட்டீன் ஓ கைன்

அயர்லாந்து என்றதும் நம் நினைவுக்கு வரும் எழுத்தாளர்கள் யார்? பெர்னார்ட் ஷா, யேட்ஸ், ஜேம்ஸ் ஜாய்ஸ், பெக்கெட். நால்வரும் உலகப் புகழ் பெற்றவர்கள். அவர்களுள் மூவர் நோபல் பரிசும் பெற்றனர். ஆனால் ஒன்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஷாவும் யேட்சும் ஜாய்சும் எழுதியது ஆங்கிலத்தில். பெக்கெட் எழுதியது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். அந்த நாட்டுக்கென்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இலக்கியம் கொண்ட சொந்த மொழி ஒன்று உண்டு. அதுதான் ஐரிஷ் மொழி. அந்த மொழியிலேயே பிறந்து, அந்த மொழியிலேயே எழுதி, அந்த மொழிக்காகவே போராடி மறைந்த ஒரு பெரும் படைப்பாளியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் பெயர் மார்ட்டீன் ஓ கைன். ஐரிஷ் நெடுங்கணக்கில் அவர் பெயரை எழுதும்போது இடையில் ஒலிக்காத எழுத்துக்கள் சில வரும். படித்தவர்களும் தடுமாறும் பெயர் அது. அவர் ஊர்க்காரர்கள் கைன் என்றே ஒலிப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் ஐரிஷ் உரைநடைக்கு அவரே தலைமகன் என்று அந்த மொழியினர் போற்றுகின்றனர். இவ்வளவு பெரியவர் நம் காதுக்கு எட்டாமல் போனதற்குக் காரணம், அவர் சிறிய மொழியில் எழுதினார் என்பது ஒன்றே. அந்த மொழி எப்படிச் சிறிதாயிற்று என்பதை அறியாமல் அவர் வாழ்க்கையை அறிய முடியாது.

ஒரு மொழி சுருங்கிய கதை

1845 முதல் 1849 வரை அயர்லாந்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. ஏழைகளின் ஒரே உணவாக இருந்த உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கி அழித்தது. ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். மேலும் பத்து லட்சம் பேர் கப்பலேறி நாட்டை விட்டுப் போயினர். மாண்டவரும் போனவரும் பெரும்பாலும் மேற்கிலும் தெற்கிலும் வாழ்ந்த ஏழைகள். ஐரிஷ் பேசியவர்களும் அவர்களே. பஞ்சத்துக்குப் பின் 1851-இல் எடுத்த கணக்கில் ஐரிஷ் பேசுவோர் சுமார் 15 லட்சம் பேர். மக்கள் தொகையில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு.

பஞ்சம் செய்த வேலையைப் பள்ளிக்கூடம் தொடர்ந்தது. 1831-இல் தொடங்கிய அரசாங்கப் பள்ளிகளில் பாடமெல்லாம் ஆங்கிலத்தில். பல ஊர்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டி விடுவார்கள். பிள்ளை ஐரிஷ் பேசும் ஒவ்வொரு முறையும் குச்சியில் ஒரு வெட்டு விழும். நாள் முடிவில் வெட்டை எண்ணி அத்தனை அடி! இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி என்னவென்றால், பெற்றோரே பல இடங்களில் இதற்கு உடந்தையாக இருந்தனர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. பிள்ளை பிழைக்க வேண்டுமானால் பாஸ்டனுக்கோ நியூயார்க்குக்கோ போயாக வேண்டும். அங்கே சோறு போடுவது ஆங்கிலம். தாய்மொழியைப் பேசினால் வயிறு நிறையாது என்று கண்ட தாய், அந்த மொழியைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க அஞ்சினாள்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது ஐரிஷ் மொழி மேற்குக் கடற்கரையின் ஓரத்தில், பாறையும் சதுப்புமான நிலங்களில் ஒதுங்கிக் கிடந்தது. கால்வே நகருக்கு மேற்கே உள்ள கொன்னமாரா அத்தகைய பகுதிகளில் ஒன்று.

பிறப்பும் படிப்பும்

அந்தப் பகுதியில் ஸ்பிடல் என்னும் சிற்றூரை அடுத்த ஒரு குக்கிராமத்தில் 1906-இல் மார்ட்டீன் பிறந்தார். தந்தை சிறு உழவர். கல் நிறைந்த துண்டு நிலம். கடற்பாசியை அறுத்து முதுகில் சுமந்து வந்து எருவாகப் போட்டால்தான் அதில் கிழங்கு விளையும். சதுப்பில் கரிமண்ணை வெட்டி உலர்த்தினால்தான் அடுப்பு எரியும். ஆனால் அந்த அடுப்பைச் சுற்றி ஒரு செல்வம் இருந்தது. இரவானால் அண்டை அயலார் கூடுவர். கதை சொல்லுவர். பழைய வீரர் கதை, பேய்க் கதை, ஊர் வம்பு, எல்லாம் ஐரிஷ் மொழியில். மார்ட்டீனின் தாய் தந்தை இருவர் குடும்பத்திலும் கதை சொல்வதில் வல்லவர்கள் இருந்தனர். பிற்காலத்தில் அவர் எழுத்தில் பொங்கி வழிந்த சொற்செல்வம் அந்த அடுப்படியில் சேர்த்ததே.

பையன் படிப்பில் சுட்டி. உதவித்தொகை பெற்று டப்ளின் நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். 1926-இல் பயிற்சி முடித்துத் திரும்பினார். அதன் பின் பத்தாண்டுக் காலம் கால்வே மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார். ஓய்வு நேரத்தில் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். அவற்றை நாட்டுப்புறவியல் இதழில் வெளியிட்டார். அகராதிப் பணிக்கென்று மக்கள் வாயில் வழங்கும் சொற்களை ஏராளமாகத் தொகுத்து அனுப்பினார்.

அவர் எப்படி எழுத்தாளர் ஆனார் என்பதற்கு ஒரு செய்தி உண்டு. ஒருமுறை மாக்சிம் கார்க்கியின் கதை ஒன்று பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் அவர் கையில் கிடைத்தது. படித்துத் திடுக்கிட்டார். ருஷ்ய நாட்டு ஏழை மனிதர்களைப் பற்றிய கதை அது. இந்த மனிதர்களை நான் அறிவேனே, இவர்கள் என் ஊரில் அல்லவா இருக்கிறார்கள் என்று தோன்றிற்று. அரசர்களையும் வீரர்களையும் பற்றித்தான் கதை என்று எண்ணியிருந்தவருக்கு, கிழங்கு தோண்டும் கிழவியும் கதைக்கு உரியவளே என்பது அன்று விளங்கியது. எங்கோ ருஷ்யாவில் எழுதிய கதை, பிரெஞ்சில் புகுந்து, அயர்லாந்தின் ஓரத்தில் இருந்த ஓர் ஆசிரியருக்கு அவர் சொந்த ஊரையே காட்டியது.

நிலம் கேட்ட ஆசிரியர்

1922-இல் அயர்லாந்தின் பெரும்பகுதி தன்னாட்சி பெற்றது. புதிய அரசு ஐரிஷ் மொழியை நாட்டு மொழி என்று கூறிப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கியது. 1937-இல் வந்த அரசியல் சட்டம் அதை முதல் ஆட்சிமொழி என்றும் அறிவித்தது. தெருப் பலகைகளில் ஐரிஷ் ஏறியது. மேடைப் பேச்சின் தொடக்கத்தில் இரண்டொரு வாக்கியம் ஐரிஷில் பேசுவதும் வழக்கமாயிற்று. ஆனால் அந்த மொழியைப் பேசிய கொன்னமாரா மக்கள் மட்டும் முன்போலவே கப்பலேறிக்கொண்டிருந்தனர்.

இந்த முரண்பாட்டை மார்ட்டீன் கூர்ந்து கண்டார். மொழியை வாழ வைக்க வேண்டுமானால் அதைப் பேசுகிறவனை முதலில் வாழ வைக்க வேண்டும். அவனுக்குச் சோறு இல்லாத ஊரில் மொழிக்கு மட்டும் மாலை போடுவதால் என்ன பயன்? நாட்டின் கிழக்குப் பகுதியில் நல்ல விளைநிலங்கள் உண்டு. பெரிய பண்ணைகளிலிருந்து அரசு வாங்கிய நிலங்களும் அங்கே இருந்தன. அந்த நிலத்தை மேற்குக் கரையின் ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று அவரும் நண்பர்களும் சங்கம் அமைத்துக் கிளர்ச்சி செய்தனர்.

கிளர்ச்சி பயன் தந்தது. 1935-இல் கொன்னமாராவிலிருந்து 27 குடும்பங்கள் நாட்டின் மறுபக்கத்தில் உள்ள மீத் மாவட்டத்துக்குக் குடியேற்றப்பட்டன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடும் ஏறத்தாழ 22 ஏக்கர் நிலமும் கிடைத்தன. 1937-இல் மேலும் சில குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அந்தக் குடியிருப்பின் பெயர் ரா கார்ன். சுற்றிலும் ஆங்கிலம் பேசும் ஊர்கள்; நடுவில் இந்தச் சிறு தீவு. இரண்டொரு தலைமுறையில் இது கரைந்து போகும் என்று கருதியவர் பலர். ஆனால் கரையவில்லை. 1967-இல் அரசே அதனை ஐரிஷ் மொழிப் பகுதி என்று சட்டப்படி ஏற்றுக்கொண்டது. சொந்த ஊரை விட்டு வந்தவர்களும் கூடி வாழ்ந்தால், அன்றாடம் பேசினால், பிள்ளைகளுக்குக் கொடுத்தால் மொழியைக் காக்கலாம் என்பதற்கு ரா கார்ன் ஒரு சான்று.

ஆனால் மார்ட்டீனுக்கு வேறொரு முகமும் இருந்தது. அவர் தடை செய்யப்பட்ட ஐரிஷ் குடியரசுப் படையில் உறுப்பினராக இருந்தார். பள்ளிகள் அன்று பாதிரிமார் மேலாண்மையில் இருந்தன. இந்தத் தொடர்பைக் காரணம் காட்டி 1936-இல் அவரை வேலையிலிருந்து நீக்கினர். ஆயுதம் ஏந்திய வழியை இன்று நாம் பாராட்ட வேண்டுவதில்லை. அது பல குடும்பங்களில் கண்ணீரையே விளைவித்தது. ஆயினும் அவர் வாழ்க்கையை எழுதப் புகுந்தவர் இதை மறைத்தல் முறையன்று. பத்தாண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் ஒரே நாளில் வேலையற்றவர் ஆனார்.

முள்வேலிக்குள் ஒரு பல்கலைக்கழகம்

1939-இல் அவருடைய முதல் சிறுகதைத் தொகுதி வெளிவந்தது. அதே ஆண்டில் இரண்டாம் உலகப் போரும் வந்தது. அயர்லாந்து போரில் சேராமல் நடுநிலை வகித்தது. குடியரசுப் படையினரால் நடுநிலைக்குக் கேடு வரும் என்று கருதிய அரசு, அவர்களை விசாரணையின்றிச் சிறை வைத்தது. 1940-இல் மார்ட்டீனும் பிடிபட்டார். டப்ளினுக்குத் தென்மேற்கே உள்ள கரா என்னும் சமவெளியில் இருந்த முகாமில் 1944 வரை அடைபட்டுக் கிடந்தார்.

மரக் குடிசைகள், முள்வேலி, குளிர். நாலாண்டுகளை இப்படிக் கழித்தவர் மனம் உடைந்து போயிருக்கலாம். அவர் உடையவில்லை. உடன் இருந்த கைதிகளுக்கு ஐரிஷ் வகுப்பு நடத்தத் தொடங்கினார். துப்பாக்கி பிடித்த கைகள் சிலேட்டுப் பிடித்த பிள்ளைகள்போல் இலக்கணம் எழுதின. அயர்லாந்துக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தும் அதன் மொழியில் ஒரு வாக்கியம் பேச அறியாத இளைஞர்கள் பலர், அவரிடம் கற்று வெளியே வந்தனர். தாமும் ஓயாமல் படித்தார். வேற்றுமொழிகள் பயின்றார். ஐரோப்பிய நாவல்களில் மூழ்கினார். முகாமிலிருந்து நண்பரும் எழுத்தாளருமான டோமாஸ் பேரேட் என்பவருக்கு எழுதிய கடிதங்களில் பெரும்பாலும் புத்தகங்களையும் எழுத்தையும் பற்றியே பேசினார். அக்கடிதங்கள் அவர் மறைவுக்குப் பின் 1973-இல் நூலாக வந்தன. சிறைக்குப் போனவர் நல்ல சிறுகதை ஆசிரியர். சிறையிலிருந்து வந்தவர் பேரெழுத்தாளர்.

விடுதலைக்குப் பின் உடனே நல்ல வேலை கிடைக்கவில்லை. கிடைத்த வேலைகளைச் செய்தார். 1945-இல் மாய்ரீன் என்ற ஆசிரியையை மணந்தார். 1948-இல் இரண்டாவது தொகுதி வெளிவந்தது. அதில் உள்ள இரண்டு கதைகளையேனும் இங்கே கூற வேண்டும்.

ஒன்று, ஓர் ஏழைப் பெண் இரவெல்லாம் கூடையைச் சுமந்துகொண்டு கால்வே நகரச் சந்தைக்கு நடந்து போகும் கதை. கதையில் வேறொன்றும் நடப்பதில்லை. அவள் நடக்கிறாள், அவ்வளவே. ஆனால் அந்த இருட்டுச் சாலையில் ஒரு பெண்ணின் முழு வாழ்வும் நம்முடன் நடக்கிறது.

மற்றொன்றின் தலைப்பு ஓர் ஆண்டின் பெயர்: 1912. மகள் அமெரிக்காவுக்குப் போகிறாள். வீட்டில் ஒரு புதிய டிரங்குப் பெட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. மகளுக்கு அது புதிய வாழ்க்கையின் வாயில். தாய்க்கோ அது சவப்பெட்டி. அந்நாளில் அமெரிக்கா சென்றவர் பெரும்பாலும் திரும்புவதில்லை. எனவே புறப்படுவதற்கு முன்னிரவு, இறந்தவர் வீட்டில் விழித்திருப்பதுபோல் ஊரே கூடி விழித்திருக்கும். தாய் அழுது புலம்பவில்லை. சொல்ல நினைத்த எதையும் அவளால் சொல்ல முடியவில்லை. ரயிலடியில் யாரையேனும் விட்டுவிட்டு வந்தவர், யாரேனும் விட்டுவிட்டுப் போக நின்றவர், இந்தக் கதையைக் கண்ணீரின்றிப் படித்தல் அரிது.

இடுகாட்டு மண்

மார்ட்டீனுக்கு அழியாப் புகழ் தந்தது கிரே ந கில்லெ என்னும் நாவல். இடுகாட்டு மண் என்பது அதன் பொருள். அதன் வித்து விழுந்த நிகழ்ச்சியை அவரே கூறியிருக்கிறார். பனிக் காலத்தில் ஊரில் ஒரு பெண் இறந்தாள். குழி தோண்டியவர்களால் அவள் குடும்பத்துக் குழியைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் வாழ்நாளெல்லாம் அவளோடு சண்டையிட்ட வேறொருத்தியின் குழியிலேயே அவளையும் வைக்கும்படி ஆயிற்று. இனி இங்கே கீழே என்னென்ன வாக்குவாதம் நடக்குமோ என்று பக்கத்தில் நின்றவர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னாராம். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போயினர். மார்ட்டீன் அதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாவல் எழுதினார்.

அந்த நாவலில் வரும் பாத்திரங்கள் அனைவரும் இறந்தவர்கள். இடம் கொன்னமாராவின் ஓர் இடுகாடு. வருணனை இல்லை, ஆசிரியர் நடுவில் வந்து இன்னார் இது சொன்னார் என்று கூறுவதும் இல்லை. எங்கும் பேச்சு, பேச்சு, பேச்சு. கதைத் தலைவி கேத்ரீனா இப்போதுதான் புதைக்கப்பட்டிருக்கிறாள். அவளுடைய முதற் கவலை என்ன தெரியுமா? தன்னை எந்தப் பகுதியில் புதைத்தார்கள் என்பது! அந்த இடுகாட்டில் ஒரு பவுன் கட்டணப் பகுதி, பதினைந்து ஷில்லிங் பகுதி, அரைக் கினிப் பகுதி என்று தர வரிசை உண்டு. செத்த பிறகும் அந்தஸ்து போகவில்லை. தன் கல்லறைக்கு மகன் நல்ல கல்லில் சிலுவை நட்டானா என்று அவள் ஒவ்வொரு நாளும் ஏங்குகிறாள்.

அவளுடைய தீராப் பகை தங்கை நெல்லின் மேல். தான் விரும்பிய ஜாக்கை நெல் மணந்துகொண்டாள். அதை மன்னிக்க அவளால் முடியவில்லை. மேலே இருந்து புதிய பிணம் வரும்போதெல்லாம், நெல் செத்தாளா, அவள் எப்போது வருவாள் என்று கேட்கிறாள். வரும் செய்தியெல்லாம் நெல்லுக்கு நன்மையாகவே இருக்கிறது! பக்கத்துக் குழியில் பள்ளி ஆசிரியர். தம் மனைவி தபால்காரரை மறுமணம் செய்யப் போகிறாள் என்று கேட்டுத் துடிக்கிறார். இன்னொரு குழியில் கேத்ரீனாவின் சம்பந்தி. உயர்ந்த கலைப்பண்பு பேசுகிறாள். விமானம் கடலில் விழுந்து இறந்த பிரெஞ்சு வீரன் ஒருவனும் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறான். அவன் பாவம், மண்ணுக்குள் கிடந்தபடியே ஐரிஷ் மொழி கற்றுக்கொண்டிருக்கிறான்.

படிக்கும்போது வயிறு குலுங்கச் சிரிப்போம். புத்தகத்தை மூடினால் சிரிப்பு நின்றுவிடும். ஏழைக் கிராமத்து மக்கள் தூய்மையானவர், எளியவர், பண்டைப் பெருமையின் காவலர் என்று நகரத்து மொழிப் பற்றாளர்கள் கற்பனை செய்திருந்தனர். மார்ட்டீன் அந்தக் கற்பனையை உடைத்தார். அவருடைய மக்கள் பொறாமைப்படுகிறார்கள், புறங்கூறுகிறார்கள், வைகிறார்கள். ஆம், அவர்கள் மனிதர்கள். ஒரு மொழியில் வசை முழுமையாக இருக்கிறது என்றால் வாழ்க்கையும் முழுமையாக இருக்கிறது என்று பொருள் அன்றோ?

1947-இல் அந்த நாவலின் கைப்பிரதி ஐரிஷ் மொழி விழாவில் பரிசு பெற்றது. ஆயினும் முதலில் அணுகிய பதிப்பகம் அதை வெளியிட மறுத்துவிட்டது. 1949-இல் டப்ளின் நாளிதழ் ஒன்று அதைத் தொடராக வெளியிட்டது. கொன்னமாராவில் மக்கள் நாளிதழுக்குக் காத்திருந்தனர். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்டனர். தங்கள் வாய்ப்பேச்சு அச்சில் ஏறி வந்ததைக் கேட்டு வியந்தனர். பின்னர் புதிய பதிப்பகம் ஒன்று துணிந்து அதை நூலாக்கியது.

அந்நாவல் ஆங்கிலத்தில் நூலாக வர எத்தனை ஆண்டுகள் ஆயின? அறுபதுக்கும் மேல்! நார்வேஜிய மொழியிலும் டேனிய மொழியிலும் வந்த பின்னரே, 2015-இல் ஒன்றும் 2016-இல் மற்றொன்றுமாக இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகள் வெளிவந்தன. அந்தப் பேச்சின் வேகத்தையும் வசையின் வளத்தையும் வேறு மொழியில் கொண்டுவருதல் எளிதன்று.

பட்டமில்லாப் பேராசிரியர்

1949-இல் அவருக்கு நாடாளுமன்ற மொழிபெயர்ப்புத் துறையில் வேலை கிடைத்தது. தம்மைச் சிறையிட்ட அரசின் சட்டங்களை ஐரிஷில் பெயர்க்கும் வேலை! ஏழாண்டுகள் அதைச் செய்தார். 1953-இல் மூன்றாவது தொகுதி வந்தது.

1956-இல் வியப்பான ஒரு மாற்றம் நேர்ந்தது. டப்ளின் டிரினிடி கல்லூரி அவரை ஐரிஷ் விரிவுரையாளராக அமர்த்தியது. 1592-இல் எலிசபெத் அரசி காலத்தில் தோன்றிய கல்லூரி அது. ஆங்கில ஆட்சியின் அறிவுக் கோட்டை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அனுமதியின்றி அதில் சேரக்கூடாது என்று கத்தோலிக்கப் பிஷப்புகள் 1970 வரை தம் மக்களுக்குத் தடையும் விதித்திருந்தனர். கத்தோலிக்க உழவர் வீட்டில் பிறந்து, புரட்சிப் படையில் இருந்து, சிறை சென்று, பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாத ஒருவர் அங்கே விரிவுரையாளர் ஆனார்! 1969-இல் அவரே ஐரிஷ் மொழிப் பேராசிரியராகவும் உயர்ந்தார். 1970-இல் கல்லூரியின் ஆய்வுறுப்பினர் என்ற பெருமையும் சேர்ந்தது. பட்டம் பெறுவதும் புலமை பெறுவதும் ஒன்றல்ல என்பதைப் பட்டம் வழங்கும் கல்லூரியே ஒப்புக்கொண்டது.

கல்லூரிப் பதவி அவர் வேகத்தைத் தணிக்கவில்லை. மிஷ்னாக் என்ற சிறு இயக்கத்தை அமைத்தார். துணிவு என்பது அதன் பொருள். 1966-இல் ஈஸ்டர் எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டை அரசு ஆரவாரமாகக் கொண்டாடியது. எழுச்சி வீரர்கள் விரும்பிய மொழி எங்கே என்று கேட்டு அவ்வியக்கத்தினர் ஒரு வாரம் உண்ணாநோன்பு இருந்தனர். 1969-இல் கொன்னமாரா இளைஞர்கள் தங்கள் பகுதிக்கு வேலையும் வானொலியும் வேண்டும் என்று உரிமை இயக்கம் தொடங்கியபோது, முதியவரான அவர் இளைஞர்களின் பக்கம் நின்றார்.

1965-இல் மனைவி மறைந்தார். அந்தத் துயரத்திடையேயும் எழுத்து நிற்கவில்லை. 1967-இல் வந்த சிறுகதைத் தொகுதிக்கு 2,000 பவுன் பரிசு கிடைத்தது. இக்கதைகளில் பல நகரத்து அலுவலகங்களில் நிகழ்பவை. கோப்புகளுக்கிடையே தன்னை இழந்துபோகும் குமாஸ்தாவை அவர் வரைந்தார். ஐரிஷ் மொழியில் கடலையும் கிழங்கையும் பற்றி மட்டுமே எழுத முடியும் என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு விடை.

1969-இல் அவர் நிகழ்த்திய ஒரு சொற்பொழிவு புகழ்பெற்றது. வெற்றுத் தாளும் எழுதிய தாளும் என்று பொருள்படும் தலைப்பு. தம் எழுத்து வாழ்வை அதில் திரும்பிப் பார்த்தார். தம் மொழி தமக்கு முன்னே இறந்துவிடுமோ என்ற அச்சத்தோடு எழுதுகிறவனுக்கு முழு ஆற்றலோடு எழுதுதல் எவ்வளவு கடினம் என்பதை அதில் ஒளிவுமறைவின்றிக் கூறினார். ஆனால் அந்த அச்சம் அவரை நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டும் ஒரு தொகுதி வெளியிட்டார். 1970 அக்டோபர் 18-ஆம் நாள் டப்ளினில் மறைந்தார். எழுதி வைத்திருந்தவை அவருக்குப் பின்னும் நூல்களாக வந்தவண்ணம் இருந்தன. 1951-இலேயே பரிசு பெற்ற ஒரு நாவல் 1995-இல்தான் அச்சேறியது.

அவர் வென்றாரா?

இந்தக் கேள்விக்கு எளிதில் விடை கூற முடியாது. இளைஞர்கள் கேட்ட வானொலி 1972-இல் ஒலித்தது. அதைக் கேட்க அவர் இல்லை. 1996-இல் ஐரிஷ் தொலைக்காட்சியும் வந்தது. 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஐரிஷும் ஒன்றாயிற்று. இவை வெற்றிகள். ஆனால் அயர்லாந்துக் குடியரசில் 2022-இல் எடுத்த மக்கள் கணக்கைப் பாருங்கள். ஐரிஷ் தெரியும் என்று கூறியவர் சுமார் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுவதாகக் கூறியவர்களோ 72 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு.

நான் அறிவியல் மாணவன். இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். முதல் எண், மொழியை மதிக்கும் மக்கள் தொகை. இரண்டாவது எண், மொழியில் வாழும் மக்கள் தொகை. இரண்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தைத்தான் மார்ட்டீன் ஓ கைன் தம் வாழ்நாளெல்லாம் சுட்டிக் காட்டினார். பலகையும் பாடப் புத்தகமும் முதல் எண்ணைக் கூட்டலாம். இரண்டாவது எண்ணைக் கூட்டுவன நிலமும் வேலையும், வீட்டில் பேசும் பேச்சுமே.

நம் மொழியின் நிலை அதுவன்று. கோடிக்கணக்கானோர் பேசும் மொழி நம்முடையது. பொருந்தாத ஒப்புமையைப் பொருத்திக் காட்டுவது அறிவுடைமை ஆகாது. ஆயினும் ஊரை விட்டு வந்து இந்த வளாகத்தில் தமிழ்ச் சங்கம் நடத்தும் நாம், ரா கார்னுக்குப் போன அந்த 27 குடும்பங்களை நினைத்துப் பார்க்கலாம். அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விழா எடுத்து மொழியைக் காக்கவில்லை. காலையில் எழுந்து மாட்டை ஓட்டும்போதும், மாலையில் பிள்ளையை அதட்டும்போதும் அந்த மொழியிலேயே பேசினார்கள். சண்டையும் அந்த மொழியில்தான் போட்டிருப்பார்கள். விழா மேடையில் நாம் பேசும் தமிழைக் காட்டிலும், விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் நாம் பேசும் தமிழே நம் சங்கத்தின் உண்மையான கணக்கு.

கேத்ரீனா இன்னும் அந்த இடுகாட்டில் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் பேச்சைக் கேட்க உயிருள்ள காதுகள் வேண்டும் என்பதே அவளைப் படைத்தவர் கவலை. அந்தக் காதுகளை வளர்க்கும் பொறுப்பை அவர் தமக்குப் பின் வந்தவர்களிடம் விட்டுச் சென்றார்.